குழந்தை ஏன் அழுகிறது, ஏன் சாப்பிடவில்லை: அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் நோயைக் கண்டுபிடிக்க ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. பால் பத்தவில்லை என்பார் பாட்டி. உரம் விழுந்திருக்கிறது என்பார் எதிர்வீட்டு அத்தை. கண்பட்டிருக்கிறது, சுத்திப் போடு என்பார் பெரியம்மா. (சுத்திப் போடுவதில் தப்பே இல்லை. மிளகாய் நெடி குழந்தை மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.) தொல்லை என்னவென்றால், ஒவ்வொரு காரணத்துக்கும் கையோடு ஒரு மருந்தும் வரும்.

கீழே இருப்பது பிறந்தது முதல் இரண்டு வயது வரை அடிக்கடி வரும் சிக்கல்களுக்கான வழிமுறை. உங்களுக்கு வேண்டிய தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எதை வைத்து முடிவு செய்வது

அழுகையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பசித்தாலும் அழும், தூக்கம் வந்தாலும் அழும், சட்டை நாடா கழுத்தில் உறுத்தினாலும் அதே அழுகைதான். நம்பக்கூடிய அளவுகோல்கள் வேறு.

முதலாவது சிறுநீர். பிறந்து ஐந்து நாள் தாண்டிவிட்டால், 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது வெளிர் நிறத்தில் போக வேண்டும். டயப்பரில் இதை எண்ண முடியாது. சந்தேகம் வந்தால் ஒரு நாள் மட்டும் துணி கட்டி எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது எடை. பிறந்த சில நாட்களில் எல்லாக் குழந்தைக்கும் எடை கொஞ்சம் இறங்கும். பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு முதல் சில மாதங்களில் மாதம் அரைக் கிலோவாவது ஏற வேண்டும். தாய் சேய் நல அட்டையில் இருக்கும் வளர்ச்சிக் கோட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்த்து அதில் புள்ளி வையுங்கள். குண்டா ஒல்லியா என்பது முக்கியமில்லை, கோடு மேலே போகிறதா என்பதுதான் கேள்வி. பக்கத்து வீட்டுக் குழந்தை எத்தனை கிலோ என்று கேட்டுக்கொண்டு வராதீர்கள். அந்த எண்ணால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

மூன்றாவது, விழித்திருக்கும்போது முகம் எப்படி இருக்கிறது என்பது. அழுது முடித்ததும் உங்களைப் பார்க்கிறதா, கை கால் ஆட்டுகிறதா? ஆம் என்றால் நிதானமாக யோசிக்க நேரம் இருக்கிறது.

யோசிக்காமல் கிளம்ப வேண்டியவை

மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல். பால் குடிக்கவே மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு விழுவது. வலிப்பு. பச்சை நிறத்தில் வாந்தி. மலத்தில் ரத்தம். மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது. பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிவது, அல்லது எப்போதானாலும் உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் ஏறுவது. இளவெயிலில் காட்டினால் மஞ்சள் போய்விடும் என்று காத்திருக்க வேண்டாம். மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனால் கல்லீரலில் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், அதிலும் நாள் கடத்தக் கூடாது.

இவற்றில் எது இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் கிளம்புங்கள்.

பால் போதவில்லை என்று தோன்றுகிறது

புட்டிப்பால் வீட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் இந்த ஒரு சந்தேகத்தால்தான். சந்தேகத்துக்குச் சொல்லப்படும் காரணங்கள் எங்கும் ஒன்றே: மணிக்கு ஒரு தடவை கேட்கிறது, மார்பு கனமாகவே இல்லை, பிழிந்தால் வரவில்லை, கொடுத்த பிறகும் புட்டியைக் காட்டினால் குடிக்கிறது. இவை எதுவும் பால் குறைவதற்கு அடையாளம் அல்ல. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு மார்பின் கனம் தானாகக் குறையும். புட்டியை வாயில் வைத்தால் வயிறு நிறைந்த குழந்தையும் சப்பும்.

உலக சுகாதார நிறுவனத்தின் தாய்ப்பால் பயிற்சிக் கையேடு நம்பத் தகுந்த அடையாளமாகச் சொல்வது இரண்டே. மாதத்துக்கு 500 கிராமுக்குக் குறைவாக எடை ஏறுவது, ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறைவாக அடர்ந்த மஞ்சளில் சிறுநீர் போவது. இரண்டுமே சரியாக இருந்தால் பால் போதுகிறது. யார் என்ன சொன்னாலும் போதுகிறது.

அப்படியானால் ஏன் விடாமல் கேட்கிறது? சாயங்காலத்தில் அடுத்தடுத்துக் குடிப்பது பல குழந்தைகளின் பழக்கம். மூன்றாவது வாரம், ஆறாவது வாரம் என்று சில நாட்கள் பசி கூடும். கேட்கக் கேட்கக் கொடுத்தால் உடம்பு அதற்கேற்பச் சுரப்பைக் கூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் பவுடர் பால் கலந்து கொடுத்தால் குழந்தை சப்புவது குறையும், சுரப்பும் குறையும், சந்தேகம் உண்மையாகவே ஆகிவிடும்.

எடை நிஜமாகவே ஏறவில்லையா? முதலில் வாய் எப்படிப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடங்கி, முகவாய் மார்பில் ஒட்டியிருக்க வேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் அம்மாவுக்கு வலிக்கும், குழந்தைக்குப் பாலும் வராது. வலித்தால் சுண்டு விரலை வாயோரம் விட்டு எடுத்து, மறுபடி பிடிக்க வையுங்கள். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை கொடுக்க வேண்டும், இரவிலும்தான். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். இதையெல்லாம் செய்தும் ஓரிரு நாளில் சிறுநீர் கூடவில்லை என்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அவர் சொல்லிப் பவுடர் பால் கொடுக்க நேர்ந்தால் அது குற்றமும் இல்லை.

பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு எல்லாம் அம்மா தாராளமாகச் சாப்பிடலாம். பத்தியம் என்ற பேரில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைப்பதுதான் கூடாது. குழந்தைக்கோ நேர் எதிர். ஆறு மாதம் முடியும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம், சித்திரை வெயிலிலும் வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். சர்க்கரைத் தண்ணீரும், பிறந்ததும் நாக்கில் தொட்டு வைக்கும் சேனையும் வேண்டாம். தேனை ஒரு வயது முடியும் வரை நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள், அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் கிருமி சிறு குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைக்கும்.

சாயங்காலம் ஆனதும் வீறிட்டு அழுகிறது

இரண்டாவது வாரத்தில் தொடங்கும், ஆறாவது வாரத்தில் உச்சிக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தானாக நிற்கும். நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் என்று இதற்கு 1954-லேயே ஓர் அளவு வகுத்திருக்கிறார்கள். காரணம் இன்னும் தெளிவாகப் பிடிபடவில்லை. வயிற்றில் வாயு என்று எல்லோரும் சொல்கிறோம், அழும்போது காற்றை விழுங்குவதால் வந்த வாயுவாகவும் அது இருக்கலாம்.

இது அந்த அழுகைதான் என்று முடிவு கட்டுவதற்கு முன் துணியை முழுக்க அவிழ்த்துப் போட்டுப் பாருங்கள். ஈரம், வியர்வை, எறும்புக் கடி. கை கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்: பிரசவத்துக்குப் பிறகு அம்மாவின் தலைமுடி நிறையக் கொட்டும், அதில் ஒரு முடி விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டால் விரல் வீங்கிச் சிவந்து கிடக்கும். ஆண் குழந்தைக்கு விரையையும், யாராக இருந்தாலும் தொடை இடுக்கையும் பாருங்கள், கெட்டியான வீக்கம் இருந்தால் குடலிறக்கமாக இருக்கலாம், உடனே மருத்துவமனை. சில நிமிடம் காலை மடக்கிக்கொண்டு கதறி, பிறகு வெளிறித் துவண்டு, மறுபடி கதறினால் குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகியிருக்கலாம். அதற்கும் காத்திருக்கக் கூடாது.

ஒன்றும் இல்லை என்றால் தோளில் போட்டு நடப்பது, தூளியில் ஆட்டுவது, வயிறு கீழே இருக்கும்படி முழங்கையில் படுக்க வைத்துக்கொள்வது, விடாத மின்விசிறிச் சத்தம். நேற்று பலித்தது இன்று பலிக்காது. பரவாயில்லை, அடுத்ததைச் செய்து பாருங்கள்.

செய்யக் கூடாதவை இதைவிட முக்கியம். கிரைப் வாட்டர் 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் பிறந்தது. அப்போது அதில் சாராயச் சத்து இருந்தது, குழந்தை தூங்கியதில் அதிசயம் என்ன? இப்போது அதை எடுத்துவிட்டார்கள், ஆனாலும் கொடுத்தால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை. வசம்பில் இருக்கும் பீட்டா அசரோன் என்ற நச்சுப் பொருள் காரணமாக அமெரிக்காவில் 1968-லேயே அதை உணவில் சேர்ப்பதற்குத் தடை போட்டார்கள். உரைகல்லில் உரைத்துக் கொடுக்க வேண்டாம். வளையலாகக் கட்டினாலும் குழந்தை வாயில் வைத்துச் சப்பும். புடவையில் போட்டு உருட்டி உரம் எடுப்பது, தொக்கம் எடுப்பது இரண்டும் ஆபத்து.

அழுகை தாங்காமல் உங்களுக்கே தலை சுற்றினால் குழந்தையைப் பத்திரமாக மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வாசலுக்குப் போங்கள். ஐந்து நிமிட அழுகை ஒன்றும் செய்யாது. கோபத்தில் பிடித்துக் குலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும். அம்மாவுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் காரணமில்லாமல் அழுகை வருகிறது, தூங்க வாய்ப்புக் கிடைத்தும் தூக்கம் வரவில்லை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் அது பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு. திமிர் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம், டாக்டரிடமும் சொல்லுங்கள்.

மலம் போகவே இல்லை, அல்லது ஓயாமல் போகிறது

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளில் எட்டுப் பத்துத் தடவை போகலாம். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு ஐந்தாறு நாளுக்கு ஒரு தடவையும் போகலாம். வரும்போது களிம்பு மாதிரி இளகி வந்தால் அது மலச்சிக்கல் இல்லை. முகம் சிவக்க முக்குவதும் இந்த வயதில் சாதாரணம். சோப்புத் துண்டு, வெற்றிலைக் காம்பு எதையும் ஆசனவாயில் வைக்காதீர்கள். வயிறு உப்பி, வாந்தியும் இருந்தால் கதை வேறு, டாக்டரிடம் காட்டுங்கள். பிறந்த முதல் 48 மணி நேரத்தில் மலமே போகாத குழந்தையும் அப்படித்தான்.

ஒரு வயதுக்கு மேல் புழுக்கை மாதிரி வந்தால் பெரும்பாலும் பால் அதிகம், காய்கறி குறைவு.

குடித்த பாலைக் கக்குகிறது

எடை ஏறுகிறதா? சிரிக்கிறதா? அப்படியானால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருங்கள், உட்காரப் பழகும்போது குறையும். ஒன்றிரண்டு மாதக் குழந்தை ஒவ்வொரு தடவையும் எட்டி விழும்படி பீய்ச்சி வாந்தி எடுத்து, எடையும் இறங்கினால் இரைப்பையின் வாய் தடித்திருக்கலாம். அறுவை சிகிச்சையில் சரியாகும்.

உடம்பு சுடுகிறது

புறங்கையை வைத்துப் பார்க்காமல் தெர்மாமீட்டர் வையுங்கள். மூன்று மாதத்துக்குள் என்றால் மேலே சொன்னதுதான், வீட்டு வைத்தியம் கிடையாது. விதிவிலக்கு ஒன்றுதான்: 6, 10, 14 வாரத் தடுப்பூசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சல் வரும் என்று செவிலியரே சொல்லி, மருந்தும் அளவு சொல்லிக் கொடுப்பார். அப்போதும் குழந்தை துவண்டாலோ பால் குடிக்க மறுத்தாலோ தடுப்பூசிக் காய்ச்சல்தானே என்று இருந்துவிடாதீர்கள்.

பாரசிட்டமாலில்தான் வீடுகளில் பெரிய தவறு நடக்கிறது. அளவு வயதுக்கு இல்லை, எடைக்கு: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120, 125 அல்லது 250. டாக்டர் சிரப்புக்குச் சொன்ன ஐந்து மில்லியைச் சொட்டு மருந்தில் எடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும், கல்லீரல் தாங்காது. பாட்டிலைப் படித்து, அதோடு வந்த அளவுக் குழலிலேயே எடுங்கள். சமையல் கரண்டி வேண்டாம்.

கம்பளி சுற்றாதீர்கள். பல் முளைப்பதால் 101, 102 என்று காய்ச்சல் வராது, பேதியும் வராது. அந்தச் சமாதானத்தில் நிஜமான காரணம் தப்பிப் போகும்.

வயிற்றுப்போக்கு

இதில் எத்தனை தடவை போகிறது என்பதைவிட உடம்பில் தண்ணீர் இருக்கிறதா என்பதுதான் பெரிது. மறுபடி அதே சிறுநீர்க் கணக்கு. அதோடு கண் குழி விழுந்திருக்கிறதா, வாய் காய்ந்திருக்கிறதா, அழுதால் கண்ணீர் வருகிறதா, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே பழையபடி ஆகிறதா என்று பாருங்கள்.

ஓஆர்எஸ் (இழந்த நீரை ஈடுகட்டும் உப்புச் சர்க்கரைப் பொடி) பாக்கெட் வாங்கும்போது உலக சுகாதார நிறுவனக் கலவை என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டெட்ரா பேக்கில் பழ ருசியோடு அதே பெயரில் விற்றவற்றில் சர்க்கரை அதிகம், குடித்தால் பேதி கூடும். 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயரை அப்படிப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பெரிய பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கலக்க வேண்டும். பாதிப் பாக்கெட், ஒரு டம்ளர் என்று கண்ணளவில் கலந்தால் உப்பு ஏறிவிடும். 24 மணி நேரம் கழித்து மீதியைக் கொட்டிவிடுங்கள். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு இன்னும் மெதுவாக.

துத்தநாக மருந்தை 14 நாளும் கொடுக்க வேண்டும்: ஆறு மாதத்துக்குள் நாளுக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20. பேதி மூன்றாம் நாளில் நின்றாலும் நிறுத்தக் கூடாது, அடுத்த சில மாதங்களுக்குப் பேதி வராமல் தடுப்பதும் இதுதான். ஓஆர்எஸ், துத்தநாகம் இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

சாப்பிட மாட்டேன் என்கிறது

ஆறேழு மாதக் குழந்தை என்றால் கூழின் பதத்தைப் பாருங்கள். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகி ஓடும் ராகிக் கூழில் வயிறு நிறையும், சத்து இறங்காது. கரண்டியில் நிற்க வேண்டும். குழந்தை நாக்கால் வெளியே தள்ளுவது வெறுப்பு இல்லை, விழுங்கத் தெரியாததுதான். பருப்புச் சாதம் நெய் விட்டு மசித்தது, வாழைப்பழம், முட்டை, முள் எடுத்த மீன் எல்லாம் ஆறு மாதத்திலிருந்தே கொடுக்கலாம், ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் இல்லாமல். 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, பிறகு மூன்று நான்கு. எட்டு ஒன்பது மாதத்திலும் மிக்ஸியில் அரைத்தே கொடுத்தால் பிறகு கட்டியாக எதைக் கண்டாலும் ஓங்கரிக்கும்.

ஒரு வயது தாண்டியது என்றால், "போன மாசம் வரைக்கும் நல்லா சாப்பிட்டான், இப்ப வாயே திறக்க மாட்டேங்குறான்" என்பதுதான் எங்கும் கேட்கும் புகார். முதல் வருடம் சுமார் ஆறு கிலோ ஏறிய குழந்தை இரண்டாம் வருடம் இரண்டு, இரண்டரைக் கிலோதான் ஏறும். வளர்ச்சியின் வேகம் குறைகிறது, பசியும் குறைகிறது. கோடு சரியாகப் போகிறது என்றால் கோளாறு குழந்தையிடம் இல்லை, தட்டில் நாம் வைக்கும் அளவில்.

கோடு படுத்துவிட்டது என்றால் ஒரு நாள் முழுக்க வாய்க்குள் போவதை எழுதி வையுங்கள். பெரும்பாலும் குற்றவாளி பால்தான். ஒரு வயதுக்கு மேல் மாட்டுப்பால் அரை லிட்டருக்கு மேல் போனால் சோற்றுக்கு இடமில்லை, இரும்புச்சத்தும் குறையும். அடுத்தது பிஸ்கட், வெளியிலிருந்து வந்த சித்தப்பா வாங்கி வந்த சிப்ஸ். இவற்றை நிறுத்தி இரண்டு மூன்று வாரம் பாருங்கள்.

மண், சுவர்ச் சுண்ணாம்பு தின்கிறதா? வெளிறி இருக்கிறதா? ரத்தசோகையாக இருக்கலாம், பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஒரு வயதிலிருந்து அரசு முகாமில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

போனைக் காட்டி ஊட்டினால் குழந்தைக்குத் தன் வயிறு நிறைந்தது தெரியாமல் போகும். மூக்கைப் பிடித்து ஊட்டினால் புரையேறும். இருபது, முப்பது நிமிடம் உட்கார வைத்துக் கொடுங்கள், வேண்டாம் என்றால் தட்டை எடுத்துவிடுங்கள். ஒரு புதுக் காய் பத்துப் பதினைந்து தடவை கண்ணில் பட்ட பிறகுதான் சில குழந்தைகள் வாயில் வைக்கும். வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் இந்த வயதில் வேண்டாம், மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

சளி, இருமல்

வருடத்துக்கு ஆறேழு தடவை சளி பிடிப்பது வழக்கம்தான், அக்காவோ அண்ணனோ பள்ளிக்கூடம் போனால் இன்னும் கூடும். இருமல் சிரப் வேண்டாம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்திருந்தது. அது தயாரானது நம்முடைய காஞ்சிபுரம் மாவட்டத்தில். கலப்படம் இல்லாத சிரப்பும் இரண்டு வயதுக்குள் தரக் கூடாது என்பதுதான் மத்திய சுகாதாரத் துறையின் அறிவுரை.

மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து, பால் கொடுக்கும் முன்பும் தூங்கும் முன்பும் இரண்டிரண்டு சொட்டு. மூக்கில் எண்ணெய் விட்டால் நுரையீரலுக்குள் இறங்கும். கற்பூரம் கலந்த தைலம் இரண்டு வயது வரை வேண்டாம். கொதிக்கும் தண்ணீரில் ஆவி பிடிக்க வைத்துச் சுட்டுக்கொண்ட குழந்தைகள் நிறைய. தலைக்குக் குளிக்க வைத்துச் சாம்பிராணிப் புகை போடுவதை இந்த நாட்களிலாவது நிறுத்துங்கள், கொசுவர்த்தியையும்தான்.

சாதாரணச் சளியா, நிமோனியாவா என்று தெரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றே டாக்டரிடம் போக வேண்டும். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு மட்டும் இன்னொரு தடவை எண்ணி உறுதி செய்துகொள்ளுங்கள், சிறு குழந்தையின் மூச்சு விட்டு விட்டு ஓடும். எண்ணிய எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்கு உதவும்.